ஆள் போயாச்சு, சாமான் போகலை: வீட்டைக் காலி செய்ய எந்த வழி?

கோர்ட் உத்தரவோடு வாடகைதாரர் வெளியேற்றப்பட்ட வீடாக இருக்கட்டும், கடன் கட்ட முடியாமல் வங்கி எடுத்து ஏலம் விட்ட வீடாக இருக்கட்டும், சாவி வாங்கிக் கதவைத் திறந்தால் வெற்றுச் சுவர் மட்டும் இருப்பது அபூர்வம். பீரோவில் துணி அப்படியே தொங்கும். அடுப்பங்கரையில் பிசுக்கேறிய பாத்திரங்கள் கிடக்கும். பரணில் என்ன இருக்கிறது என்று ஏறிப் பார்த்தால்தான் தெரியும். கரண்ட் போய் வாரக்கணக்கான பிரிட்ஜ் ஒன்று மூலையில் மூடியபடி நிற்கும். வீட்டுக்காரருக்கோ ஒவ்வொரு நாளும் காசு நஷ்டம். வெள்ளையடித்து, குழாய் பார்த்து, அடுத்த ஆளைக் குடிவைக்க வேண்டும் அல்லது விற்க வேண்டும். அந்த அவசரத்தில் முதலில் கிடைத்த ஆளிடம் "எல்லாத்தையும் அள்ளிட்டுப் போங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். வம்பு தொடங்குவது அங்கேதான்.

பிறருடைய வாடகை வீடுகளைப் பார்த்துக்கொடுக்கும் வேலையில் இருப்பதால் இதில் எனக்கு ஒரு திடமான கருத்து உண்டு. காலி செய்வது என்பது ஒரு வேலை இல்லை, இரண்டு. எது போகலாம், எது இருக்க வேண்டும், எது இன்னொருவருக்குச் சொந்தம் என்று பிரிப்பது ஒன்று. பிரித்ததை அள்ளி ஏற்றிக்கொண்டுபோய் இறக்குவது இன்னொன்று. இந்த இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுக்கக் கூடாது. அள்ளுகிறவருக்கு வண்டி சீக்கிரம் நிரம்ப வேண்டும். பழைய சாமான் எடுப்பவருக்கு நல்ல பொருள் தன் பக்கம் வர வேண்டும். இரண்டு பேர் மீதும் குற்றமில்லை, அவரவர் பிழைப்பு அது. ஆனால் ஒரு பழைய கோப்புக்குள் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்க இருவருக்குமே நேரம் கிடையாது. எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியை இந்தப் பிரிவினையை மனதில் வைத்துத்தான் பார்க்கப்போகிறேன்.

வண்டிக்குச் சொல்வதற்கு முன்

சாவி உங்கள் கையில் இருப்பதால் சாமானும் உங்களுடையது ஆகிவிடாது. வீட்டை அடமானம் வைத்தவர் வீட்டுக்குள் இருக்கும் கட்டிலையும் தையல் மெஷினையும் சேர்த்து அடமானம் வைப்பதில்லை. வாடகை பாக்கி இருக்கிறதே, அதற்கு ஈடாக டிவியை எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். பல இடங்களில் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. அப்படி எடுத்தால் பாக்கி வைத்தவர் வழக்குப் போடும் நிலை வந்துவிடும்.

விதிகள் ஊருக்கு ஊர் மாறும். கலிஃபோர்னியாவில் விட்டுப்போன சாமான் பற்றி முன்னாள் வாடகைதாரருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நோட்டீஸை நேரில் கொடுத்தால் குறைந்தது 15 நாள், தபாலில் அனுப்பினால் 18 நாள் அவகாசம். யாரும் வந்து கேட்காமல், மொத்தமும் 700 டாலருக்குக் குறைவாகத்தான் விலைபோகும் என்று நியாயமாகத் தோன்றினால் வீட்டுக்காரர் தன் விருப்பப்படி செய்யலாம். அதற்கு மேல் என்றால் பொது ஏலம்தான். இங்கிலாந்தில் 1977-இல் வந்த ஒரு சட்டம், பிறர் பொருள் கையில் இருப்பவர் உரிமையாளருக்கு அறிவிப்புக் கொடுத்துவிட்டு விற்கலாம், செலவு போக மிச்சத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. இந்தியாவில் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி வீட்டைக் கையகப்படுத்தும் முன் கடனாளிக்கு 60 நாள் நோட்டீஸ் தர வேண்டும். கடன் வாங்கியவர் ஒருவர், குடியிருப்பவர் இன்னொருவர் என்றால் கதை வேறு. அமெரிக்காவில் 2009-இல் வந்து, 2014 இறுதியில் காலாவதியாகி, 2018-இல் நிரந்தரமாக்கப்பட்ட ஒரு சட்டம், ஜப்தியான வீட்டில் முறையாக வாடகைக்கு இருப்பவருக்குக் குறைந்தது 90 நாள் அவகாசம் தரச் சொல்கிறது.

இத்தனையும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எந்த வழி மலிவு என்பதை முதலில் தீர்மானிப்பது லாரி வாடகை அல்ல, இந்தக் காத்திருப்புக் காலம். 18 நாள் சாமானை வைத்திருந்தே ஆக வேண்டும் என்றால், நாளைக்கே வந்து அள்ளுகிறேன் என்பவரின் வேகத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. உங்கள் ஊர் விதியை ஒரு வக்கீலிடம் அரை மணி நேரம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அழுகும் பொருளையும் வெறும் குப்பையையும் பொதுவாக உடனே அகற்றலாம்; மற்றவை காத்திருக்கட்டும். விட்டுப்போன கார், பைக் இருந்தால் அதற்குத் தனி நடைமுறை உண்டு, பதிவுப் பெயர் பார்த்து போலீஸ் வழியாகத்தான் போக வேண்டும். துப்பாக்கி, தோட்டா என்று எது கண்ணில் பட்டாலும் தொடாமல் போலீஸைக் கூப்பிடுங்கள். நாய், பூனை, மீன்தொட்டி இருந்தால் எந்த நோட்டீஸ் காலமும் பார்க்க வேண்டாம். அன்றைக்கே விலங்கு நல அமைப்புக்குச் சொல்ல வேண்டும்.

வெளியேறுபவரே எடுத்துக்கொண்டு போனால்

பலர் யோசிக்கவே மறுக்கும் வழி இது. எனக்குப் பிடித்ததும் இதுதான். வெளியேற வேண்டியவரிடம், "இந்தத் தேதிக்குள் சாமான்களை எடுத்துக்கொண்டு, பெருக்கித் துடைத்துச் சாவியைக் கொடுத்தால் இவ்வளவு பணம் தருகிறேன்" என்று எழுத்தில் ஒப்பந்தம் போடுவது. அமெரிக்காவில் 2008 வீட்டுக்கடன் நெருக்கடிக்குப் பிறகு வங்கிகள் இதைப் பரவலாகச் செய்தன. வங்கி தருமம் செய்யவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் செய்தது. அமீனாவை வரவழைக்கும் செலவு, வழக்குச் செலவு, காலி செய்யும் செலவு, பூட்டிக் கிடக்கும் மாதங்கள் எல்லாவற்றையும் கூட்டினால் கையில் கொடுக்கும் பணம் அதைவிடக் குறைவாக வரும்.

கொடுப்பதற்கு மனசு வராது. எட்டு மாதம் வாடகை தராதவருக்கு நான் எதற்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று கேட்பார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் எதிர்ப்பக்கம் இருப்பவரின் நிலையையும் பாருங்கள். புது இடத்துக்கு முன்பணம் இல்லை, வண்டிக்குப் பணம் இல்லை. அதனால்தான் சாமான் உள்ளேயே நிற்கிறது. வண்டிச் செலவுக்கு ஒரு தொகை கையில் வந்தால் தனக்கு வேண்டியதை அவரே பிரித்து எடுத்துக்கொள்வார். பிரிக்கும் வேலையை அவரைவிடச் சரியாகச் செய்ய யாராலும் முடியாது, ஏனென்றால் எது எதற்குள் இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவர். போகிறவர் கோபத்தில் குழாயை உடைப்பதும் கதவைப் பெயர்ப்பதும் இந்த வழியில் பெரிதும் குறையும்.

கவனிக்க வேண்டியது இரண்டு. பணத்தை முன்கூட்டிக் கொடுக்கக் கூடாது. வீட்டைச் சுற்றிப் பார்த்து, சாவி வாங்கிய நிமிடத்தில் கொடுக்க வேண்டும். "இதற்கு மேல் வீட்டில் விட்டுப்போகும் எதன் மீதும் எனக்கு உரிமை இல்லை" என்று ஒரு வரி எழுதி அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த ஒரு வரி கையில் இருந்தால் மிச்சம் கிடக்கும் பொருளுக்குக் காத்திருப்புக் காலம் பார்க்க வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது. ஆள் ஏற்கெனவே போய்விட்டார், போன் எடுப்பதில்லை என்றால் இந்த வழி இல்லை. அப்போதுதான் மற்றவை.

பிரிப்பது எப்படி நடக்கும்

எந்த வண்டி வந்தாலும் அதற்கு முன் நீங்களோ, உங்களுக்காக நிற்கும் நம்பிக்கையான ஆளோ உள்ளே போக வேண்டும். கூட ஒரு சாட்சி இருப்பது நல்லது. முதலில் எதையும் தொடாமல் வாசலில் இருந்து ஒவ்வொரு அறையாக வீடியோ. பிறகு ஒவ்வொரு அலமாரியையும் இழுப்பறையையும் திறந்து புகைப்படம். அதன் பிறகுதான் கை வைப்பது.

பட்டியல் எழுதும்போது "அறை 2: மரச் சாமான்கள்" என்று எழுதினால் நாளைக்கு எதற்கும் உதவாது. "அறை 2, சன்னல் ஓரம்: இரட்டைக் கதவு இரும்பு பீரோ, சாம்பல் நிறம், இடது கதவில் கண்ணாடி விரிசல், உள்ளே சேலைகள், பூட்டிய சிறு பெட்டி ஒன்று, திறக்கவில்லை" என்று எழுதினால் உதவும். "திறக்கவில்லை" என்ற சொல் முக்கியம். அந்தப் பெட்டியில் நகை இருந்தது என்று ஆறு மாதம் கழித்து ஒருவர் வந்து நின்றால், பூட்டிய நிலையில் எடுத்த படமும் அந்தச் சொல்லும்தான் உங்களைக் காப்பாற்றும்.

நான் பார்த்தவரை விலைமதிப்பான பொருள் பீரோவில் இருப்பதில்லை. அதைப் போகும்போது எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மாட்டிக்கொள்வது காகிதம். மெத்தைக்கு அடியில், அரிசி டின்னுக்குப் பின்னால், சாமி படத்துக்குப் பின்பக்கம், பள்ளிக்கூடப் பையில். மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட், மருத்துவமனைக் கோப்பு, திருமண ஆல்பம், இறந்தவரின் அஸ்தி வைத்த சொம்பு. இவற்றுக்குச் சந்தையில் விலை கிடையாது, இழந்தவருக்கு ஈடும் கிடையாது. ஒரு அட்டைப்பெட்டி எடுத்து, பெயர் எழுதி, காகிதம், புகைப்படம், மருந்து, வழிபாட்டுப் பொருள் எல்லாவற்றையும் அதில் போட்டு, சட்டம் கேட்கும் காலத்துக்கும் கொஞ்சம் அதிகமாகவே வைத்திருங்கள். இடம் அடைக்காது. வெளியே போனவர் ஒருநாள் தயங்கித் தயங்கிப் போன் செய்து பிள்ளையின் சான்றிதழைக் கேட்டால் எடுத்துக் கொடுக்க முடிய வேண்டும். சட்டம் கேட்காவிட்டாலும் இதை நான் செய்வேன்.

அள்ளும் வழிகள்: எது எதற்கு

பிரித்து முடித்தாயிற்று, காலமும் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். இப்போது நான்கு வழிகள் இருக்கின்றன.

நாமே சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு செய்வது முதலாவது. ஓர் அறை வீடு, சாமான் கொஞ்சம், படிக்கட்டு இல்லை என்றால் செய்யலாம். அதற்கு மேல் வேண்டாம். இரும்பு பீரோவை மாடியில் இருந்து இறக்கத் தெரியாதவர்கள் இறக்கினால் இடுப்பு போகும், சுவரும் போகும். கூட்டி வந்தவருக்கு அடிபட்டால் அந்தச் செலவும் மனக்கசப்பும் வேறு.

இரண்டாவது, கூலியாட்களும் வாடகை வண்டியும். பார்க்க மலிவு. மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ கூலி என்பதால், நீங்கள் கூடவே நின்று "இது போகட்டும், இது இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டிருக்க முடியும். பொருள் கலந்து கிடக்கும் வீட்டுக்கு இந்த வழி நன்றாகப் பொருந்தும். ஆனால் ஒரு கேள்விக்கு இதில் பதில் இருக்காது: வண்டி எங்கே போகிறது? குறைந்த விலை சொல்லும் வண்டி ஏரிக்கரையிலோ ஊருக்கு வெளியே காலி மனையிலோ கொட்டிவிட்டுத் திரும்பினால், குப்பைக்குள் இருக்கும் மின்கட்டண ரசீது உங்கள் வீட்டு முகவரியைத்தான் காட்டும். இங்கிலாந்தில் 1990-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி, தன் கழிவை அனுமதி பெற்ற ஆளிடம்தான் ஒப்படைத்தோமா என்று பார்க்கும் கடமை வீட்டுக்காரருக்கே இருக்கிறது. யாரிடமோ கொடுத்தேன் என்று கைகழுவ முடியாது. உங்கள் ஊரில் அப்படிச் சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிடங்கின் எடைச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கடைசித் தவணையை அந்தச் சீட்டு வந்த பிறகு கொடுங்கள்.

மூன்றாவது, பெரிய இரும்புத் தொட்டியை வாடகைக்கு எடுத்து வாசலில் நிறுத்தி, நிரப்பி அனுப்புவது. அவசரமில்லாமல் நான்கைந்து நாள் எடுத்துச் செய்கிறவர்களுக்கு இது வசதி. இடிபாடு, கிழித்த தரைவிரிப்பு, உடைந்த மரம் போன்ற வெறும் குப்பைதான் அதிகம் என்றாலும் நல்லது. தொல்லைகளும் உண்டு. தெருவில் நிறுத்த அனுமதி வேண்டியிருக்கும். இரவில் அக்கம்பக்கத்தார் தங்கள் பழைய மெத்தையைக் கொண்டுவந்து போட்டுவிடுவார்கள். விளிம்புக்கு மேல் குவித்தால் எடுக்க மாட்டார்கள். எடை வரம்பு தாண்டினால் தனிக் கட்டணம். பிரிட்ஜ், டயர், பெயின்ட், பேட்டரி, கேஸ் சிலிண்டர், அஸ்பெஸ்டாஸ் எதையும் பொதுவாக அதில் போடக் கூடாது.

நான்காவது, வீடு காலி செய்வதையே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனம். ஆட்கள், வண்டி, கொட்டும் செலவு, பெருக்கிக் கொடுப்பது எல்லாம் சேர்த்து ஒரே விலை. வண்டியில் எவ்வளவு பங்கு நிரம்புகிறதோ அதற்குத்தான் பெரும்பாலும் காசு. இருப்பதில் விலை அதிகம், தலைவலி குறைவு. வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரருக்கும், ஒரே நாளில் முடிய வேண்டிய வீட்டுக்கும் சரியான தேர்வு, பிரிக்கும் வேலை ஏற்கெனவே முடிந்திருந்தால் மட்டும்.

பழைய சாமான் வியாபாரியை இந்த வரிசையில் சேர்க்கவில்லை. அவர் அள்ளும் ஆள் அல்ல, வாங்கும் ஆள். "எல்லாவற்றையும் நானே எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் ஒன்றும் தர வேண்டாம்" என்று அவர் சொன்னால் கேட்க இனிக்கும். செம்பு, பித்தளை, அலுமினியம், ஏசி, வாஷிங் மெஷின் போய்விடும். மெத்தையும் உடைந்த பிளைவுட்டும் கிழிந்த சோபாவும் உங்களிடமே நிற்கும். அள்ளுவதற்கு ஆகும் செலவைக் கொஞ்சம் ஈடுகட்டியிருக்கக்கூடிய பொருள்கள் போய், காசு கொடுத்து அனுப்ப வேண்டியவை மட்டும் மிஞ்சும். அவரிடம் முழு வீட்டையும் விடாமல், நீங்கள் பிரித்து வைத்த உலோகத்தையும் மெஷின்களையும் எடை போட்டு விற்கலாம். அந்தப் பணத்துக்கும் சட்டப்படி கணக்கு வைக்க வேண்டியிருக்கலாம். ரசீது இல்லாமல் விற்க வேண்டாம்.

விலை கேட்கும்போது

மூன்று பேரிடம் விலை கேட்டால் மூன்று விதமாகச் சொல்வார்கள்: ஒருவர் கன அளவில், ஒருவர் எடையில், ஒருவர் நாள் கூலியில். இதை ஒப்பிடுவதற்கு வீட்டில் இருப்பதன் அளவு உங்களுக்குத் தெரிய வேண்டும். கணக்குக் கடினமில்லை. 3 மீட்டருக்கு மூன்றரை மீட்டர் அறையில் சாமான் சராசரியாக முழங்கால் உயரம், அரை மீட்டர் வரை கிடக்கிறது என்றால் சுமார் 5 கன மீட்டர். எல்லா அறைகளையும் இப்படிக் கூட்டிவிட்டு, வரப்போகும் வண்டியின் கொள்ளளவைக் கேளுங்கள். எத்தனை நடை என்று அவர் சொல்லும் முன் உங்களுக்கே தெரிந்துவிடும்.

மெத்தை, சோபா, நுரைத் தலையணை எல்லாம் இடத்தை அடைக்கும், எடை இருக்காது. இப்படிப்பட்டவை அதிகமுள்ள வீட்டுக்கு எடைக் கணக்கு லாபம். புத்தகம், ஓடு, மண்தொட்டி, தண்ணீர் ஊறிய தரைவிரிப்பு இதற்கு நேர்மாறு; அங்கே கன அளவுக் கணக்கில் விலை பேசுங்கள். மர அலமாரியைக் கழற்றாமல் ஏற்றினால் நீங்கள் காற்றுக்குக் காசு கொடுக்கிறீர்கள். 2 மீட்டர் உயரம், 1.2 மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழமுள்ள அலமாரி நின்றபடி கிட்டத்தட்ட ஒன்றரை கன மீட்டரை அடைக்கும். பலகை பலகையாகக் கழற்றி அடுக்கினால் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. ஒரு தச்சரை அரை நாள் வைத்துக் கழற்றினால் ஒரு நடை வண்டி மிச்சமாகலாம்.

எந்த வழியிலும் அவசரப்படக் கூடாதவை

கரண்ட் இல்லாமல் கிடந்த பிரிட்ஜைத் திறக்காதீர்கள். உள்ளே இருப்பது எப்படியும் வீணாகிவிட்டது. கதவைச் சுற்றி அகலமான டேப் ஒட்டி, நிமிர்த்திய நிலையிலேயே வெளியே கொண்டுபோக வேண்டும். திறந்து பார்த்த வீட்டில் நாற்றம் சுவரிலும் திரைச்சீலையிலும் ஏறி வாரக்கணக்கில் போகாது. உள்ளே இருக்கும் குளிரூட்டும் வாயுவைக் காற்றில் விடக் கூடாது. பழைய பிரிட்ஜ்களில் இருப்பது ஓசோன் படலத்தை அரிக்கும் வாயு, 1987 மொன்றியல் உடன்படிக்கை கட்டுப்படுத்தத் தொடங்கிய வகை. புதியவை பலவற்றில் இருக்கும் ஆர்-600ஏ என்ற வாயு எளிதில் தீப்பற்றக்கூடியது. காயிலுக்காகக் குழாயை வெட்டும் ஆளிடம் இதைக் கொடுக்க வேண்டாம்.

எலிப் புழுக்கை கிடக்கும் இடத்தில் காய்ந்தபடி விளக்குமாறு போடக் கூடாது, தூசியோடு ஹன்டா வைரஸ் மூச்சுக்குள் போகும் அபாயம் உண்டு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்லும் முறை: கதவு சன்னலைத் திறந்து 30 நிமிடம் காற்றோட விடுவது, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து 5 நிமிடம் ஊறவைப்பது, பிறகு கையுறையோடு காகிதத் துண்டால் துடைத்தெடுப்பது. அதே பிளீச்சைப் பூனை மூத்திரம் ஊறிய இடத்தில் ஊற்றாதீர்கள். அமோனியாவோடு சேர்ந்து நச்சு வாயு வரும். அமிலம் கலந்த கழிப்பறைத் திரவத்தோடு சேர்ந்தாலும் குளோரின் வாயு வரும். மூடிக் கிடந்த குளியலறையில் இரண்டு பாட்டிலையும் அடுத்தடுத்து ஊற்றிக் கழுவுவது உயிருக்கே ஆபத்து.

லித்தியம் பேட்டரி உள்ள எதையும், பழைய போன், பவர் பேங்க், மின்சாரச் சைக்கிள், தனியே எடுத்து வையுங்கள். குப்பை நசுக்கும் லாரிக்குள் அவை தீப்பிடிக்கின்றன. ஊசி, சிரிஞ்ச் கண்டால் கையால் எடுக்காமல் இடுக்கியால் எடுத்துக் கெட்டியான டப்பாவில் போட்டு மூடுங்கள். கூலியாட்களுக்குத் தடித்த கையுறை வாங்கிக் கொடுக்காமல் ஒரு மூட்டையைக்கூடத் தூக்கச் சொல்லாதீர்கள். பழைய வீட்டில் கூரையிலோ தரை ஒட்டுத் தகட்டிலோ அஸ்பெஸ்டாஸ் சந்தேகம் இருந்தால் உடைக்கவே வேண்டாம், அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் வரட்டும்.

மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று கட்டில் இணைப்பிலும் மெத்தைத் தையலிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அந்த வீட்டின் மெத்தையையும் சோபாவையும் யாருக்கும் தானம் கொடுக்காதீர்கள். ரத்தம் குடிக்காமல் மாதக்கணக்கில் அது உயிரோடு இருக்கும். பூட்டிவைத்தால் செத்துவிடும் என்று நினைப்பது தவறு. 50 டிகிரி செல்சியஸை எட்டும் வெப்பத்தில் அதுவும் முட்டையும் சாகும். அள்ளும் ஆட்களிடமும் முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் அவர்கள் வண்டி வழியாக இன்னும் பத்து வீட்டுக்குப் போகும்.

ஏலத்தில் வாங்கிய வீடு

வாடகைதாரர் வெளியேறிய வீட்டுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வாடகைதாரரை உங்களுக்குத் தெரியும். போன் நம்பர், முன்பணம், ஒப்பந்தம் எல்லாம் இருக்கும். ஏலத்தில் வாங்கியவருக்கு முன்னால் இருந்தவர் யார் என்றே தெரியாது. வாங்கும் முன்பே வங்கியிடம் கேளுங்கள்: சுவாதீனம் எடுத்தபோது உள்ளே இருந்த சாமான்களுக்குப் பட்டியல் போட்டீர்களா, உரிமையாளருக்கு அறிவித்தீர்களா, காலி வீடாகத் தருகிறீர்களா அல்லது இருக்கிற நிலையிலா? பட்டியல் இருந்தால் நகல் வாங்கிக்கொண்டு, பூட்டைத் திறக்கும் நாளில் வங்கி ஆள் கூட வரட்டும். பட்டியலில் இருப்பது உள்ளே இல்லை என்றால் அன்றைக்கே எழுத்தில் பதிவு செய்ய வேண்டும்.

வங்கிகளுக்காக இப்படிப்பட்ட வீடுகளைக் காலி செய்யும் தொழில் அமெரிக்காவில் 2008-க்குப் பிறகு பெரிதாக வளர்ந்தது. கன கெஜக் கணக்கில் கூலி, தேதியோடு முன்னும் பின்னும் படம், பெருக்கிய தரை. இந்த மூன்றும் இல்லாமல் பில் பாஸ் ஆகாது. அந்தத் தொழிலில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேகத்தை அல்ல, அந்தப் பட ஒழுங்கை. அள்ளும் ஆள் யாராக இருந்தாலும், நிரம்பிய வண்டி, கிடங்கில் இறக்கும் இடம், காலியான அறை என்று ஒவ்வொன்றுக்கும் படம் கேளுங்கள். தராதவருக்கு அடுத்த வீடு இல்லை.

என் தேர்வு

ஆள் இன்னும் உள்ளே இருந்தால், பணம் கொடுத்து அவரே எடுத்துப்போகும் ஒப்பந்தத்தை முதலில் முயன்று பார்ப்பேன், மறுத்தால்தான் அடுத்தது. ஆள் போய்விட்டு, பொருள் கலந்து கிடக்கும் சாதாரண குடும்ப வீடு என்றால், நானே ஒரு நாள் நின்று பிரித்துவிட்டு, உலோகமும் மெஷினும் வியாபாரிக்கு, நல்ல நிலையில் இருப்பவை தானமாகக் கேட்கும் அமைப்புக்கு, மிச்சத்துக்குக் கூலியாட்களும் வண்டியும். பெரும்பாலும் செலவு இதில்தான் குறையும். வெளியூரில் இருக்கிறீர்கள், நின்று பார்க்க நம்பிக்கையான ஆள் இல்லை என்றால் நிறுவனத்தைப் பிடிப்பதைத் தவிர வழியில்லை. அப்போதும் பிரிக்கும் நாளுக்கும் அள்ளும் நாளுக்கும் நடுவே ஒரு வாரம் இடைவெளி விடச் சொல்லி, படங்களைப் பார்த்து நீங்கள் சம்மதம் சொன்ன பிறகுதான் வண்டி வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கூரை வரை சாமான் குவித்த வீடு, மலமும் பூஞ்சையும் ஊசியும் கலந்த வீடு என்றால் மலிவு பார்க்காதீர்கள். அது சாதாரணக் கூலியாள் செய்யும் வேலை அல்ல. பாதுகாப்பு உடையும் பயிற்சியும் உள்ளவர்களிடம் விடுங்கள்.

முன்பணத்தில் கழிக்கப்போகிறீர்கள் என்றால் ஒவ்வொரு செலவுக்கும் ரசீது, ஒவ்வொரு விற்பனைக்கும் சீட்டு. எல்லாவற்றையும் பட்டியலோடும் படங்களோடும் ஒரே கோப்பில் வைத்து, கணக்கின் நகலை முன்னாள் வாடகைதாரர் கடைசியாகக் கொடுத்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.